மறுபடியும் பரீட்சை உண்டு, பாடம் கிடையாது

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் தாளாளர்கள், முதல்வர்கள் கவனத்திற்கு,



திருச்செங்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அரியர் பேப்பருக்குக் கணக்கு எடுக்கிறவன் எழுதும் கடிதம் இது. எம்-1, எம்-2, எம்-3, நியூமரிக்கல் மெத்தட்ஸ் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறேன். சாயங்காலம் உங்கள் கல்லூரி பஸ்கள் பையன்களை இறக்கிவிட்டுப் போனதும் என் பிழைப்பு ஆரம்பமாகும். நீங்கள் ஒழுங்காகக் கல்லூரி நடத்தினால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் இது தொழில் போட்டியில் எழுதுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் குறையில் சோறு தின்கிறவனுக்கே அந்தக் குறை பொறுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் குறை ஒன்றுதான். உங்கள் மாணவன் ஒரு பாடத்தில் தோற்றால் அவனுக்கு நீங்கள் தருவது மறுபடியும் அதே பரீட்சை. ஏப்ரலில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை. நான்கு வருடப் படிப்பை ஏழு வருடத்துக்குள் முடிக்கலாம் என்கிறது அண்ணா பல்கலைக்கழக விதி. அந்த ஏழு வருடமும் தாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி எழுதிக்கொண்டே இருக்கலாம். பாடம் மட்டும் முதல் தடவை நடத்தியதோடு சரி. வகுப்பு அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டது. நடத்திய ஆசிரியர் புது பேட்சுக்குப் போய்விட்டார், இல்லாவிட்டால் வேலையை விட்டே போய்விட்டார். தெரியாததால்தான் பையன் தோற்றான். தெரியவைக்க ஆளே இல்லாமல் அதே தாளை அவன் மறுபடி எழுதினால் எந்த அதிசயத்தில் தேறுவான்?

ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் செமஸ்டர் எம்-3. பையன் 300 ரூபாய் கட்டி விடைத்தாள் நகல் வாங்கியிருந்தான். இன்னொரு 400 கட்டி மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்று கேட்க வந்தான். எக்ஸ் ஸ்கொயருக்கு மைனஸ் பை முதல் பை வரை ஃபூரியர் தொடர் காணச் சொன்ன கணக்கைப் பார்த்தேன். ஃபார்முலா மூன்றும் சரி. ஈவன் ஃபங்ஷன், ஆகவே பிஎன் பூஜ்யம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தான். அது தெரிந்தாலே பாதிக் கணக்கு மிச்சம். ஏநாட் சரியாக வந்திருந்தது. ஏஎன் கண்டுபிடிக்கும்போது பெர்னூலி ஃபார்முலாவையும் சரியாகத்தான் எடுத்தான். ஆனால் காஸ் என்எக்ஸை இன்டக்ரேட் பண்ணும் இடத்தில் ‘என்’ஆல் வகுக்காமல் பெருக்கிவிட்டான். டிஃபரன்ஷியேட் பண்ணும்போது செய்வதை இன்டக்ரேட் பண்ணும்போது செய்திருக்கிறான். அங்கிருந்து கீழே ஒன்றரைப் பக்கம் முழுக்கத் தப்பு. இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருந்தான், திருத்திய இடத்திலும் அதே தப்பு.

இந்தப் பையனுக்கு எம்-3 தெரியாது என்று உங்கள் ரிசல்ட் பட்டியல் சொல்கிறது. எனக்குத் தெரிந்தவரை அவனுக்கு எம்-3 முக்கால்வாசி தெரியும். தெரியாமல் இருப்பது பிளஸ் ஒன் கணக்கில் ஒரு பாடம். அதைச் சரிபண்ண ஒரு வாரம் போதும், சில பையன்களுக்கு இரண்டு வாரம். உங்கள் கல்லூரியில் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, ‘தம்பி, நீ இங்கதான் வழுக்குற’ என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அவனிடம் சொல்லப்பட்டதெல்லாம் ‘பாஸ் பர்சன்டேஜைக் கெடுத்துட்டியே’ என்பதுதான்.

அவனுக்கு ஏன் இன்டக்ரேஷன் தெரியவில்லை? இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எங்கள் நாமக்கல் மாவட்டத்துக்கு முட்டையால் ஒரு பேர், பள்ளிக்கூடத்தால் ஒரு பேர். பிராய்லர் பள்ளி என்ற பேச்சு சும்மா வரவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை மூடிவைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். விடிகாலையில் எழுப்பி, ராத்திரி பதினோரு மணி வரை ஸ்டடி ஹாலில் உட்காரவைத்து, புத்தகத்தில் இருக்கும் கணக்கை நம்பர்கூட மாறாமல் மனப்பாடம் பண்ணவைத்த பிள்ளை 190க்கு மேல் கட்-ஆஃப் எடுத்துவிட்டு முதல் செமஸ்டரில் எம்-1இல் கப்பு, அதாவது அரியர், வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று விரட்ட ஆள் இல்லாததும் அது கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன், கணக்கு நன்றாகவே தெரிந்தவன், கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாமல் தோற்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே மருந்தா? ஆனால் ரெண்டு பேரும் உங்கள் பட்டியலில் ஒரே ‘அரியர்’தான்.

ஆனாலும் இதெல்லாம் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. கலந்தாய்வில் வந்தவனுக்குக் கணக்கில் எத்தனை, இயற்பியலில் எத்தனை, வேதியியலில் எத்தனை என்று 200க்குப் பிரித்த கணக்கு சேர்ந்த அன்றைக்கே உங்கள் ஆபீசில் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவனுடையதும் இருக்கிறது. 80, 90 கட்-ஆஃபில் ஒருவனைச் சேர்க்கும்போதே எம்-1 அவனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சீட்டு நிரம்பட்டும் என்று சேர்த்தீர்கள். அதில் தப்பில்லை, படிக்க வந்தவனுக்கு இடம் கொடுத்தது நல்லதுதான். இடம் கொடுத்தவருக்கு அடுத்த கடமை ஒன்று இருக்கிறது அல்லவா?

மே மாதம் நீங்கள் காட்டும் வேகத்தைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று இலக்கு கொடுத்து உங்கள் ஆசிரியர்களை வெயிலில் ஊர் ஊராக அனுப்புகிறீர்கள். மல்லசமுத்திரத்துக்கு உள்ளே இருக்கிற குக்கிராமத்து வீட்டைக்கூட விசாரித்துக் கண்டுபிடித்து, திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, ‘பையனை எங்ககிட்ட விடுங்க, நாங்க பாத்துக்கறோம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதே பையன் முதல் செமஸ்டரில் நாலு பாடத்தில் தோற்ற பிறகு அந்தத் திண்ணைக்கு யாரும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பஸ் ஃபீஸ் பாக்கி என்று போன் மட்டும் வரும்.

ஸ்பெஷல் கிளாஸ் நடத்துகிறோமே என்பீர்கள். நடத்துகிறீர்கள், ஃபைலில். தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது, மெதுவாகக் கற்போருக்கும் வேகமாகக் கற்போருக்கும் தனித்தனியாக என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்காக ‘ஸ்லோ லேர்னர்’ என்று லேபிள் ஒட்டிய ஒரு பாக்ஸ் ஃபைல் எல்லாத் துறையிலும் உண்டு. உள்ளே சுற்றறிக்கை, டைம்டேபிள், கையெழுத்துப் பட்டியல், போர்டு பக்கம் திரும்பி நிற்கும் ஆசிரியருடைய கலர் போட்டோ. என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: ‘சார், ஒரே நாள்ல நாலு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். பேனா மாத்தி மாத்திப் போடச் சொன்னாங்க.’ உண்மையிலேயே வகுப்பு நடக்கும் கல்லூரிகளும் உண்டு. அங்கேயும் பெரும்பாலும் நடப்பது முக்கியக் கேள்விகளை எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்வது. லோக்கல் ஆத்தர் புத்தகத்தில் இருந்து பத்து பார்ட்-பி கணக்கு, இருபது டூ மார்க். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் போச்சு.

அந்த லேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயசுப் பையனைப் பெயர் சொல்லி எழுப்பி, ‘ஸ்லோ லேர்னர்ஸ் எல்லாம் 204ஆம் ரூமுக்குப் போங்க’ என்று பொண்ணுங்க முன்னாடி சொன்னால் அவன் 204க்குப் போகமாட்டான். கேண்டீனுக்குப் போவான், நானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

மென்டார் இருக்கிறார் என்பீர்கள். இருபது மாணவருக்கு ஒருவர் என்று ஃபைலில் கணக்கு சரியாக வருகிறது. அந்த மென்டார் எத்தனை கல்லூரி ஃபைலில் இருக்கிறார் என்பதுதான் சந்தேகம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதைத் தமிழ்நாடே படித்தது: ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார். பல்கலைக்கழகமும் விசாரணைக்கு உத்தரவிட்டது. உண்மையில் வேலை பார்க்கும் ஆசிரியர்மேல் எனக்குக் கோபமில்லை. கொத்தனார் சம்பளத்துக்கும் குறைவாக வாங்கிக்கொண்டு, அதுவும் இரண்டு மாதம் தள்ளி வாங்கிக்கொண்டு, நாக் ஃபைலும் எழுதி, அட்மிஷனுக்கும் அலைந்து, அதற்குமேல் வகுப்பு எடுக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இனி பேரன்ட்ஸ் மீட்டிங். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உங்களில் ஒருவருடைய கல்லூரிக்கு வந்தார். அப்பாவுக்குப் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. எங்கள் ஊர் ரிக் வண்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சத்தீஸ்கர், மகாராஷ்டிரம் என்று போனால் திரும்ப மாதக்கணக்கு ஆகும். அந்த அம்மாவைத் துறைத்தலைவர் அறைக்கு வெளியே மத்தியானம் வரை உட்காரவைத்தார்கள். பிறகு ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேசினார்கள். பையனிடம் ஒரு அபாலஜி லெட்டர் எழுதி வாங்கினார்கள். அடுத்த செமஸ்டரில் அனைத்துத் தாள்களிலும் தேர்ச்சி பெறுவேன், தவறினால் கல்லூரி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன் என்று. அம்மா கையெழுத்துப் போட்டார். நேராக என் மாடிக்கு வந்தார்.

‘ஏனுங்க சார், ஆறு கப்புன்னாங்க. இங்கிலீசுல என்னென்னமோ சொன்னாங்க, ஒண்ணும் வெளங்கலீங்க. இனி இவனுக்குப் படிப்பு வராதுங்களா? நிறுத்திப்போட்டுத் தறிக்குக் கூட்டிட்டுப் போயரட்டுங்களா?’

‘இருங்கம்மா, முதல்ல எந்தெந்தப் பாடம்னு பாப்போம்’ என்றேன். பார்த்தால் ஆறில் மூன்று, தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் கீழே நின்றவை. இரண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விழுந்தவை. எம்-1 தேறினால் எம்-2 தானாக வரும். ஒன்று கிராபிக்ஸ் என்ற வரைபடப் பாடம், அதைப் படித்தெல்லாம் தேற முடியாது, டிராஃப்டரைப் பிடித்துப் போட்டுப் பழகினால் போதும். இவ்வளவுதான் விஷயம். ஒரு கால்மணி நேரம் தமிழில் பேசினால் அந்த அம்மாவுக்குப் புரிந்துபோகிற சங்கதி. அதைச் சொல்லத்தான் உங்கள் அறையில் யாருக்கும் நேரமில்லை. அபாலஜி லெட்டர் எழுதிக் கொடுத்ததால் எந்தப் பையனாவது லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் கற்றுக்கொண்டான் என்றால் சொல்லுங்கள், நானும் அந்த முறைக்கு மாறிக்கொள்கிறேன்.

ரிசல்ட் வருகிற ராத்திரி உங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கும். போனை அணைத்துவிட்டு வீட்டுக்கு வராத பையனைத் தேடும் வேலை சில சமயம் என்னிடம் வரும். இதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை. அன்று ராத்திரி கூப்பிட்டால் எடுக்க ஒரு எண்ணாவது வையுங்கள்.

இன்னொன்று, சுமை. ஐந்து அரியரோடு மூன்றாம் செமஸ்டருக்குப் போகிறவன் அந்தச் செமஸ்டரின் ஆறு தாளோடு பழைய ஐந்தையும் எழுத வேண்டும். பதினொரு தாள். சில நாள் காலை பத்து முதல் ஒன்று வரை ஒரு தாள், மத்தியானம் இரண்டு முதல் ஐந்து வரை இன்னொன்று. சாப்பிடக்கூட இறங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து டூ மார்க் புரட்டுவான். நன்றாகப் படிக்கிறவனே ஆறுக்குத் திணறும்போது தோற்றவன் தலையில் பதினொன்று. பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக்கடன் வாங்குகிறவன் கதைதான். பழையதில் ஒன்று தேறும், புதியதில் இரண்டு விழும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேர்கிற பையன் நிலைமை இன்னும் மோசம். பாலிடெக்னிக்கில் பெரும்பாலும் முதல் வருடத்தோடு கணக்கு முடிந்துவிடும். இரண்டு வருடம் லேத்தோடும் லேபோடும் இருந்தவன், மெக்கானிக்கலிலோ சிவிலிலோ வந்து உட்கார்ந்ததும் அவனுக்குக் கிடைக்கும் முதல் கணக்குத் தாளே எம்-3. எம்-1உம் எம்-2உம் அவனுக்குக் கிடையாது. முதல் நாளே போர்டில் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். பட்டறையில் அவன் கையில் வரும் வேலை மற்றவனுக்கு நாலு வருடத்திலும் வராது. அவனைத்தான் நீங்கள் அரியர் பார்ட்டி என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறீர்கள்.

மேலே இருப்பவர்களும் இதைத் தீர்த்ததில்லை. பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில், தோற்ற பாடத்தை அடுத்த செமஸ்டரிலேயே எழுத முடியாது, அந்தப் பாடம் மீண்டும் நடக்கும் செமஸ்டர் வரை காத்திரு என்று ஒரு விதி வந்தது. 2019 தொடக்கத்தில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், விதி தளர்ந்தது. எனக்கு அந்த விதியில் ஒரு நியாயம் தெரிந்தது: பாடம் மீண்டும் நடக்கும்போது எழுதுகிறவன் போய் உட்கார்ந்து கேட்கலாமே! ஆனால் அவன் உட்கார ஒரு பெஞ்சைக் காட்ட எந்தக் கல்லூரியும் முன்வரவில்லை. காத்திருப்பு மட்டும் மிஞ்சியது. பிள்ளைகள் கோபப்பட்டதில் என்ன தப்பு?

பிறகு 2020 ஆகஸ்ட் கடைசி. கொரோனா காலம். தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், இறுதி செமஸ்டர் தவிர மற்ற அரியர் எல்லாம் தேர்ச்சி என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெல்லாம் பேனர், மீம்ஸ், பட்டாசு. என் மாடி காலியானது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. ஒத்துக்கொள்ளவில்லை, முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உட்படச் சிலர் நீதிமன்றம் போனார்கள், 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்வு இல்லாத தேர்ச்சியை ஏற்க முடியாது என்றது. பையன்கள் திரும்பவும் மாடி ஏறினார்கள். அந்த எட்டு மாதம் என்னை உறுத்தியது வேறு. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, பல்கலைக்கழகம், டிவி விவாதம் என்று எல்லோரும் பேசியது பரீட்சை வைக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி. இத்தனை லட்சம் பிள்ளைகள் ஏன் தோற்றார்கள், அவர்களுக்கு யார் திரும்பப் பாடம் நடத்துவது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

2021 நவம்பரில் இன்னொரு அறிவிப்பு. 2001-02இல் இருந்து அரியர் வைத்திருக்கும் எல்லோருக்கும் சிறப்பு வாய்ப்பு, கூடுதல் கட்டணம் 5,000 ரூபாய். அப்போது தலை நரைத்த ஒருவர் என்னிடம் வந்தார். ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர், பையன் எட்டாவது படிக்கிறான். அவருக்குப் பாக்கி எம்-2 மட்டும். இத்தனை வருடத்தில் எத்தனை தடவை எழுதினீர்கள் என்று கேட்டேன், எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றார். இந்தத் தாளை யாராவது உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களா என்றேன். ‘காலேஜ்ல ஒரு தடவை நடத்தினாங்க சார். அப்ப எனக்கு மஞ்சக்காமாலை.’

மஞ்சள்காமாலைக்குப் போன மூன்று வாரத்துக்கு இருபது வருடத் தண்டனை.

தோற்றவனை வேறு இடங்களில் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே 4க்கு 2 என்ற சராசரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான கல்லூரிகளில் ‘அகாடமிக் புரொபேஷன்’ என்று கண்காணிப்பில் வைப்பார்கள். தேறாவிட்டால் வெளியே அனுப்பியும் விடுவார்கள். ஆனால் அந்தக் கண்காணிப்புக் காலத்தில் பல இடங்களில் ஆலோசகரைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அடுத்த பருவத்தில் பாடச் சுமையைக் குறைக்கிறார்கள், தோற்ற பாடத்தை மறுபடி வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம். நம் நடைமுறை இதற்கு நேர்மாறு: சுமை கூடுகிறது, வகுப்பு கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது.

அங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் 1970களில் ஒரு வேலை செய்தார். கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டார். அக்கறையில்லை, அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்றார்கள். நம் ஸ்டாஃப் ரூமில் கேட்பதும் இதே நான்கு பதில்தான். அவர் நம்பவில்லை. கறுப்பின மாணவர் 20 பேர், சீன வம்சாவளி மாணவர் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். நான்கு காரணமும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் கூடிப் படித்தார்கள். ஒருவன் தப்பை இன்னொருவன் பிடித்தான். கறுப்பின மாணவர்கள் தனியாக உட்கார்ந்து படித்தார்கள், தப்புப் போடுவது தெரியாமலே போட்டார்கள். எல்லோரையும் கூடி உட்காரவைத்து, எளிய கணக்கைக் கொடுக்காமல் கடினமான கணக்கைக் கொடுத்தார். மந்தமானவர்கள் வகுப்பு என்று பெயர் வைக்கவில்லை, சிறப்பு மாணவர்களுக்கான பட்டறை என்றே நடத்தினார். தோற்பார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைத் தாண்டினார்கள்.

1973இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் தொடங்கிய இன்னொரு ஏற்பாடு இதைவிடச் சல்லிசு. அதிகம் பேர் தோற்கும் பாடம் எதுவோ அதற்கு, அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீனியர் ஒருவரை வைத்து வாராவாரம் கூடிப் படிக்க வைப்பது. வருகிறவன் தேறியவனா தோற்றவனா என்று யாரும் பார்ப்பதில்லை. என் மாடியிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். முதல் வாரம் எம்-3 பக்கமே போகமாட்டேன், பிளஸ் ஒன் இன்டக்ரேஷன் மட்டும். இரண்டு இரண்டு பேராகப் போர்டுக்கு வந்து போட வேண்டும். ஒருவன் ‘என்’ஆல் பெருக்கினால் மற்றவன் கத்துவான். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆகவே கேட்கிறேன். பெரிய கட்டடமோ புது சாஃப்ட்வேரோ வேண்டாம். தோற்றவனுடைய விடைத்தாள் நகலுக்குக் கல்லூரியே பணம் கட்டி வாங்கி, பாட ஆசிரியர் பக்கத்தில் உட்காரவைத்து ஒருதடவை புரட்டிக் காட்டட்டும். கலந்தாய்வு முடிந்து முதல் செமஸ்டர் தொடங்கும்போது மூன்று வாரம் அறிமுக நிகழ்ச்சி நடத்தச் சொல்கிறது ஏ.ஐ.சி.டி.இ.; யோகாவும் மோட்டிவேஷன் ஸ்பீச்சும் போக அதில் பாதியைப் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குக்குக் கொடுங்கள், தமிழில். டிசம்பரிலும் மேயிலும் லீவு விடும்போது லேபுக்கும் ஹாஸ்டலுக்கும் பூட்டுப் போடாமல், அதிகம் பேர் விழுந்த இரண்டு மூன்று தாளுக்கு முழு வகுப்பு, முதல் யூனிட்டில் இருந்து, மறுபடி நடத்துங்கள். எடுக்கும் ஆசிரியருக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. முதல் இன்டர்னலிலேயே யார் விழப் போகிறான் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். மே மாதம் திண்ணைக்குப் போன அதே ஆசிரியரை அந்த வாரம் ஒருதடவை அனுப்புங்கள்.

பிளேஸ்மென்ட் செல்லுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்டாண்டிங் அரியர் இருப்பவன் வேண்டாம் என்று கம்பெனி கேட்டால் சரி. ஆறையும் எழுதித் தேறி வந்தவனையும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்று, கம்பெனி கேட்காதபோதே பட்டியலில் இருந்து நீக்குகிறீர்களே, அது யார் போட்ட சட்டம்? விழுந்து எழுந்தவன் வேலையில் நிற்கமாட்டான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தேர்ச்சி விகிதப் பட்டியலை வருடாவருடம் வெளியிடுகிறார்கள், பேப்பரில் வருகிறது, கலந்தாய்வுக்கு முன் பெற்றோர் பார்க்கிறார்கள். நல்லது. அதில் இன்னொரு கட்டம் சேர்க்கட்டும்: முதல் தடவை தோற்றவர்களில் எத்தனை பேரை அந்தக் கல்லூரி அடுத்த ஒரு வருடத்துக்குள் தேற வைத்தது என்று. தோற்பவனே சேராத கல்லூரிக்கு 95 சதவீதம் வருவதில் பெருமை குறைவு. விழுந்தவர்களை எழுப்பிவிட்ட கல்லூரி எது என்று பள்ளிபாளையத்து அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி விரைவில் உங்கள் நோட்டீஸ் போர்டில் ஏறும். அதே போர்டில், அதற்குப் பக்கத்தில், எம்-1, எம்-2, எம்-3க்கு எந்த அறையில் எந்த நேரத்தில் யார் மறுபடி வகுப்பு எடுக்கிறார் என்ற தாளையும் ஒட்டுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வகுப்பறைக்கே வந்து எடுக்கிறேன், மாடி வாடகை மிச்சம்.

இப்படிக்கு,
அரியர் பேப்பருக்குக் கணக்கு எடுப்பவன்,
ஜெராக்ஸ் கடை மேல்மாடி, திருச்செங்கோடு.